பாலைவன விண்கல்லும் கதிரியக்கமும்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: பாலைவனத்தில் எடுத்த கல்லருகே கதிரியக்கம் காட்டும் கெய்கர் கருவி வேகமாக டிக் டிக் என்கிறது. விண்கல்தானே?

பதில்: அப்படித் துடித்தால் பூமிக் கல் என்றே முதலில் சந்தேகப்படுவேன். விண்கற்களில் மிகப் பரவலான வகையான சாதாரண காண்ட்ரைட்டில் பொட்டாசியம் 0.1 சதவீதம்கூட இருக்காது, கிரானைட்டிலோ மூன்று நான்கு சதவீதம்; யுரேனியத்தில் வித்தியாசம் நூறு மடங்குக்கும் மேல். இரண்டும் கதிரியக்கம் தருபவை. அப்புறம், தயவுசெய்து காந்தத்தை ஒட்டிப் பார்க்காதீர்கள், கல்லிலுள்ள பழைய காந்தப் பதிவு போய்விடும்.

கேள்வி: பிறகு எப்படித்தான் அளக்கிறார்கள்?

பதில்: வெளிக் கதிரைத் தடுக்கும் ஈயச் சுவருக்குள் ஜெர்மானியம் காமா உணரிக்குப் பக்கத்தில் கல்லை உடைக்காமல் வைத்து, நாள்கணக்கில் எண்ணுவார்கள். இத்தாலியின் கிரான் சாசோவில் 1400 மீட்டர் பாறைக்கு அடியில் இதற்கென்றே இடம் இருக்கிறது. விண்வெளியில் பாயும் காஸ்மிக் கதிர் கல்லில் உண்டாக்கிய அலுமினியம்-26 என்ற கதிரியக்க அணு கிலோவுக்கு நிமிடத்துக்கு ஐம்பது அறுபது சிதைவுதான், கெய்கருக்கு அது கேட்கவே கேட்காது. சோடியம்-22 இருந்தால் கல் புதிதாக விழுந்தது என்று அர்த்தம், அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 2.6 ஆண்டுகளே. 2008இல் சூடானின் நூபியப் பாலைவனத்தில் விழுந்த அல்மஹாட்டா சிட்டா துண்டுகளில் அதைப் பார்த்தார்கள்.

கேள்வி: என் கல்லும் டிக் டிக் என்கிறது, படம் அனுப்பட்டுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: விண்கல்லைக் கையில் வைத்திருந்தால் ஆபத்தா?

பதில்: இல்லை.

கேள்வி: விண்கல்லுக்குக் கார்பன்-14 வைத்து வயது சொல்கிறார்களாம். அது உயிருள்ளவற்றுக்குத்தானே, சும்மா கதை.

பதில்: கதை இல்லை. காஸ்மிக் கதிர் கல்லிலுள்ள ஆக்சிஜனை உடைத்தே கார்பன்-14 உண்டாகிறது, உயிர் எதற்கு? விழுந்ததும் காற்றுமண்டலம் மறைத்துவிடுவதால் உற்பத்தி ஏறக்குறைய நின்று, 5730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. மீதியை எண்ணினால் கிடைப்பது கல்லின் வயது அல்ல, தரையில் கிடந்த காலம்.

கேள்வி: நான் விடமாட்டேன். மணலில் கிடக்கும்போது காற்றிலுள்ள கார்பன் ஏறாதா?

பதில்: சபாஷ், இதுதான் கேள்வி! ஏறும், கார்பனேட்டாக. அதனால்தான் முதலில் சுமார் 500 டிகிரியில் சுட்டு அதை விரட்டிவிட்டு, அப்புறம் கல்லை உருக்கி உள்ளிருப்பதை எடுக்கிறார்கள். ஈரம் பட்ட கல்லில் யுரேனியம்கூட வெளியிலிருந்து ஏறும். நாற்பதாயிரம் ஆண்டுக்கு மேல் போனால் கார்பன் கைகொடுக்காது, இன்னும் மெதுவாகச் சிதையும் குளோரின்-36 தேவை.

கேள்வி: என்ன விலை போகும்?

பதில்: என் துறை இல்லை.

கேள்வி: காந்தம் வைத்துப் பார்த்தேன், நன்றாக ஒட்டுகிறது!

பதில்: எத்தனை தடவை சொல்வது? சரி, கதிரியக்கக் கணக்கு அதனால் கெடாது. கழுவாமல் பையில் போட்டு வையுங்கள்.