கோட் தோளில் உட்காரவில்லையே, என்ன செய்ய?

கேள்வி: ஜனவரி கடைசியில் ஊட்டியில் எனக்கு ரிசப்ஷன். முகூர்த்த ஜவுளி எடுக்கக் கோவை போனபோது அங்கேயே அளவு கொடுத்து கோட் சூட் தைக்கச் சொன்னோம். வந்ததைப் போட்டுப் பார்த்தால் தோள் இரண்டு பக்கமும் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது, கை கட்டைவிரல் வரை இறங்குகிறது, ஆனால் பட்டன் போட்டால் வயிற்றில் இழுக்கிறது. டெய்லர் "போடப் போட சரியாகிவிடும்" என்கிறார். அம்மா வேறு வாங்கிவிடு என்கிறார். இருப்பது மூன்று வாரம். (குன்னூர் வாசகர்)

பதில்: தம்பி, முதலில் அந்தப் பேச்சை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். போடப் போட முழங்கை மடிப்பு விழும், துணி கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். தோள் ஒரு நூல்கூட உள்ளே வராது.

கட்டிங் மேஜைக்கு முன்னால் பல வருடம் நின்றவன் என்பதால் சொல்கிறேன், கோட்டில் எதைப் பார்ப்பதற்கு முன்பும் தோளைப் பாருங்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு சுவரோரமாகப் பக்கவாட்டில் நின்று மெதுவாகச் சாயுங்கள். உங்கள் மேல்கை சுவரில் படும் முன்பே தோள் பேட் போய் முட்டி மடங்கினால் தோள் பெரிசு. எவ்வளவு பெரிசு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம் வரை என்றால் நல்ல டெய்லர் கையைப் பிரித்து, பேடை வெட்டி, லைனிங்கோடு சேர்த்து உள்ளே தள்ளித் தைத்துவிடுவார். அதற்கு மேல் போனால் கைக்குழி கோணலாகும், மார்பில் காலர் மடிப்பு விழும் இடமும் மாறும், கூலியும் புதுசு தைக்கிற அளவுக்கு வந்து நிற்கும். அப்படி இருந்தால் தைத்தவரிடமே கோட்டைக் கொண்டுபோய், இதை ஆல்டர் செய்ய வேண்டாம், வேறு வெட்டிக் கொடுங்கள் என்று தெளிவாகக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், கொடுத்தது உங்கள் பணம். பேன்ட் சரியாக இருந்தால் மேல்கோட் மட்டும் போதும், அதே துணி மீதி இருக்கிறதா என்று இன்றைக்கே போன் செய்து விசாரித்துவிடுங்கள்.

அரை அங்குலத்துக்குள் என்றால் வேலையின் வரிசை முக்கியம். நிறைய பேர் முதலில் கையை வெட்டிவிடுகிறார்கள், அது தப்பு. தோளை அரை அங்குலம் உள்ளே தள்ளினால் கையும் அதே அரை அங்குலம் மேலே ஏறிவிடும், ஏற்கெனவே குறைத்த கை அப்போது குட்டையாகிப் போகும், வெட்டிய துணியை எங்கே போய்த் தேடுவது? அதனால் தோள், அப்புறம் உடம்பு, கடைசியில்தான் கை. கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது கோட் மணிக்கட்டு எலும்போடு நின்று, உள்ளே போட்ட சட்டையின் கஃப் கால் முதல் அரை அங்குலம் வெளியே தெரிந்தால் போதும். கைப் பட்டன்கள் சும்மா தைத்து வைத்தவையா, காஜா வெட்டியவையா என்றும் பாருங்கள். காஜா வெட்டியிருந்தால் கீழிருந்து அதிகம் குறைக்க முடியாது, தோள் பக்கம்தான் குறைக்க வேண்டும். உங்களுக்கு எப்படியும் கை பிரியப்போகிறது, இரண்டையும் ஒரே வேலையாக முடிக்கச் சொல்லுங்கள்.

வயிற்றில் இழுப்பது பற்றி. பட்டனைச் சுற்றிப் பெருக்கல் குறி மாதிரி சுருக்கம் விழுந்தால் இறுக்கம் என்று அர்த்தம். லைனிங்கைக் கொஞ்சம் பிரித்துப் பக்கத் தையலில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். விட்டிருந்தால் பிரிக்கலாம். இல்லையென்றால் பட்டனைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம், அதற்கு மேல் வழி கிடையாது.

இங்கேதான் நம்ம ஊர் விஷயம் ஒன்று வருகிறது, எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. கோவையில் மெல்லிய காட்டன் சட்டையோடு நின்று அளவு கொடுக்கிறோம். போடப்போவதோ ஊட்டியில் உறைபனி விழுகிற ஜனவரி ராத்திரியில். தெர்மல் பனியன், அதன் மேல் சட்டை, சில பேர் கையில்லாத ஸ்வெட்டரும் போடுவார்கள். மார்பும் வயிறும் கூடிவிடும், தோள் எலும்பு அப்படியேதான் இருக்கும். ஆகவே ட்ரையலுக்குப் போகும்போது அன்றைக்கு உள்ளே என்னென்ன போடுவீர்களோ அத்தனையும் போட்டுக்கொண்டு போங்கள். ஷூவும் அதே ஷூ, ஏனென்றால் பேன்ட் நீளம் அதை வைத்துத்தான். கண்ணாடி முன் நிற்பதோடு விடாமல் உட்காருங்கள், கையை நீட்டி யாருக்காவது கை கொடுத்துப் பாருங்கள், மேடையில் ராத்திரி முழுக்க அதைத்தானே செய்யப்போகிறீர்கள். உட்காரும்போது பட்டனைக் கழற்றிவிடலாம், இரண்டு பட்டன் கோட்டில் கீழ்ப் பட்டனை எப்போதுமே போட வேண்டாம். பின்பக்க வெட்டில் வெள்ளை நூலால் தையல் போட்டிருந்தால் அதைப் பிரித்துவிடுங்கள்.

வேலை முழுவதும் ரிசப்ஷனுக்கு ஒரு வாரம் முன்பே கைக்கு வர வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். கோவைக்கு இறங்கி ஏற நேரமில்லை என்றால் வெலிங்டன், குன்னூர் பக்கம் யூனிஃபார்ம் கோட் தைத்துப் பழகிய கை யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். சுடிதார், பிளவுஸ் மட்டும் தைப்பவரிடம் தோளைப் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள், அவர்கள் வேலை வேறு.

கேள்வி: இறந்துபோன அப்பாவின் கம்பளிக் கோட் பீரோவில் இருக்கிறது. வேலை இன்டர்வியூவுக்கு அதைப் போட்டுக்கொண்டு போக ஆசை. அப்பா என்னைவிடப் பருமன். செய்யலாமா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: கட்டாயம் செய்யலாம், தோள் மட்டும் உங்களுக்குப் பொருந்தினால். பெரிசைச் சின்னதாக்குவது சின்னதைப் பெரிசாக்குவதைவிட எப்போதும் சுலபம். முதுகு நடுத்தையலிலும் பக்கத் தையலிலும் பிடித்துத் தைத்தால் இடுப்பு நன்றாக அமையும். ஒரே ஒரு வேண்டுகோள், அதிகப்படித் துணியை வெட்டாமல் உள்ளேயே மடித்து விடச் சொல்லுங்கள். நாளைக்கு நீங்களும் அப்பா மாதிரி ஆகலாம்.

தைக்கக் கொடுக்கும் முன் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன ஓட்டைகளை டார்னிங் செய்பவர் அடைத்துவிடுவார். ஜூன், ஜூலை ஈரத்தில் பீரோவுக்குள் பூஞ்சை பிடித்திருந்தால் நன்றாகக் காயவைத்து, வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள், அப்புறம் டிரை கிளீனிங். வெந்நீரில் மட்டும் நனைத்துவிடாதீர்கள், கம்பளி சுருங்கிக் கட்டியானால் திரும்ப நிமிராது.

தோள் பொருந்தவில்லை என்றால் அந்தக் கோட்டைப் பிரிக்க வேண்டாம், அப்படியே வைத்திருங்கள். இன்டர்வியூவுக்கு ஒரு நல்ல வெள்ளைச் சட்டையும் அப்பாவின் டையும் போதும்.