எடெல்வைஸ் ஏன் பச்சையாகிறது?

கேள்வி: நாங்கள் சூரிச்சில இருக்கிறம். பல்கனியில வைக்க எடெல்வைஸ் எண்ட மலைப் பூச்செடி ஒண்டு வாங்கினனான். வாங்கேக்க இலையெல்லாம் வெள்ளையாய், பஞ்சு மாதிரி இருந்தது. இப்ப வாற இலை பச்சையாய், நீட்டாய் வருது. ஒவ்வொரு நாளும் தண்ணி விடுறன், உரமும் போடுறன். இன்னும் கூட்ட வேணுமோ?

பதில்: கூட்ட வேண்டாம். உரத்தை இன்றே நிறுத்துங்கள், தண்ணீரைப் படிப்படியாகக் குறையுங்கள். செடிக்கு நோய் எதுவும் இல்லை. கிடைக்கிற தண்ணீருக்கு ஏற்றபடி இலையை மாற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எடெல்வைஸ் ஆல்ப்ஸில் பெரும்பாலும் 1,800 முதல் 3,000 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் வளர்வது. அங்கே மழைக்கோ பனிநீருக்கோ பஞ்சமில்லை. அதைப் பிடித்து வைக்கத்தான் மண் இல்லை. பெய்த நீர் இடுக்கு வழியே இறங்கிவிடும். பிறகு வெயிலும் காற்றும்தான். இலையின் வெண்ரோமம் அந்த நேரத்துக்கானது. இலைத்துளைகளுக்கு (இலை நீராவியை வெளிவிடும் நுண்துளைகள்) மேல் காற்றை அசையாமல் நிறுத்தி, நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. கடுமையான புற ஊதாக் கதிரையும் தடுக்கிறது.

ரோமங்கள் இலை குருத்தாக இருக்கும்போதே முளைத்துவிடும். அதன் பிறகு நீரும் உரமும் தாராளமாகக் கிடைத்தால் இலை அகன்று நீள, அதே ரோமங்கள் பெரிய பரப்பில் சிதறி அடியிலுள்ள பச்சை தெரிகிறது. முற்றிய இலை மறுபடி வெள்ளையாகாது. அதனால் இனி நடுக்குருத்திலிருந்து வரும் இலைகளை மட்டும் கவனியுங்கள். இப்போது பச்சையாக நிற்பவை, சில வாரங்களுக்கு முன் நீங்கள் விட்ட தண்ணீரின் கணக்கு.

இந்த மாற்றத்துக்கு எல்லை உண்டு. ஆல்ப்ஸில் காற்று பனியை வாரிச் செல்லும் முகட்டில் தரையோடு படரும் ஆல்ப்ஸ் அசேலியா என்ற குட்டைப் புதரைப் பாருங்கள்: இலை மிகச் சிறியது, தோல்போலத் தடித்தது, ஓரங்கள் கீழ்ப்புறமாகச் சுருண்டு இலைத்துளைகளை மறைத்திருக்கும். சற்றுத் தள்ளி, பனி நெடுநாள் தங்கும் பள்ளத்தில் வளரும் குட்டை வில்லோ என்ற இன்னொரு புதருக்கு மெல்லிய வட்ட இலை. இந்த வித்தியாசம் பரம்பரையாக வந்தது. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் ஒன்று மற்றதாக மாறிவிடாது. எடெல்வைஸிலும் சில தோட்ட ரகங்கள் இயல்பிலேயே வெளிறிய பச்சைதான்.

தண்ணீரை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். கேட்காமலே நீர் கிடைத்த செடி வேருக்குச் செலவழிக்காமல் இலைக்கே செலவழித்திருக்கும்; திடீரென்று காய்ந்தால் துவண்டுவிடும். மூன்று, நான்கு வாரங்களில் இடைவெளியை நீட்டுங்கள். அதன் பிறகு, விரலை மண்ணில் விட்டு முதல் கணு வரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அடுத்த வசந்தத்தில் மெருகிடாத மண்சட்டிக்கு மாற்றி, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு கரட்டு மணலும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்து, நேர்வெயில் விழும் ஓரத்தில் வையுங்கள்.

செடி சாவது பெரும்பாலும் குளிர்காலத்தில், குளிரை விட ஈரத்தால். மலையில் உலர்ந்த பனி அதைப் போர்த்தியிருக்கும். பல்கனியில் மழை நனைத்து, உறைந்து, வேர் அழுகும். வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம், ஹீட்டர் சூடு அதற்கு ஆகாது. நவம்பர் முதல் மழைச்சாரல் படாத சுவரோரமாகத் தள்ளி வைத்தால் போதும்.