140 கிரெடிட் இருந்தும் பட்டம் ஏன் வரவில்லை?

கேள்வி: என் மகன் 12ஆம் வகுப்பு வரை பெங்களூரில் படித்தவன். பள்ளியில் தமிழ்ப் பாடமே கிடையாது. 2022இல் தமிழ்நாட்டில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தான், மொழிப்பாடம் இந்தி. அரியர் ஒன்றுகூட இல்லாமல் முடித்துவிட்டான். முதன்மைப் பாடங்களில் 71 சதவீதம். ஆனால் 'அடிப்படைத் தமிழ்' இரண்டு தாள் எழுதவில்லை என்று பட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் அவன் வேறு இரண்டு தாள் எழுதித் தேறியிருக்கிறான், பட்டத்துக்கு வேண்டிய 140 கிரெடிட்டும் (தாளுக்கு இத்தனை என்று தரும் புள்ளி) கணக்குக்கு வருகிறது. சதவீதத்தில் சேராத தாளுக்காகப் பட்டத்தை நிறுத்தலாமா? விலக்கு கிடைக்குமா? தெரிந்தவர் ஒருவர் 35,000 ரூபாய் கொடுத்தால் யுனிவர்சிட்டியில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். எம்.பி.ஏ. சேர வேண்டும், அவசரம். - ஓர் அப்பா, ஓசூர்.

பதில்: அந்த 35,000 ரூபாய் வங்கியிலேயே இருக்கட்டும் சார். அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி அது ஒன்றுதான். மகனுடைய சிக்கல் ஒரு செமஸ்டரில் தீர்ந்துவிடும்.

தேர்வுப் பிரிவில் 26 வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். ஒவ்வொரு வருடமும் ஜூன், ஜூலையில் கவுண்டருக்கு முன்னால் இதே கூட்டம் நிற்கும். கம்பெனி சட்டத்தில் 80, காஸ்ட் அக்கவுண்டிங்கில் 85 வாங்கிய பிள்ளைகள். சிக்கியிருப்பதோ இரண்டு கிரெடிட் தாளில். கடினமான பாடத்தில் சிக்கியவனுக்குத் தான் சிக்கியிருப்பது முதல் நாளே தெரியும். இவர்களுக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரிகிறது.

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் பட்டப்படிப்பை அஞ்சறைப் பெட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி. பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்றில் முதன்மைப் பாடம், துணைப்பாடம், விருப்பப்பாடம் எல்லாம் அடங்கும். 71 சதவீதம் என்று நீங்கள் சொல்வது இந்த அறையின் கணக்கு. பகுதி நான்கில் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, திறன்சார் தாள்கள், அப்புறம் உங்கள் மகன் மாட்டிக்கொண்ட அந்தத் தாள்கள். பகுதி ஐந்து என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு. பல பல்கலைக்கழகங்களில் இந்த ஐந்தும் சேர்ந்து 140 கிரெடிட். கடுகு அறை நிரம்பி வழிகிறது என்பதால் சீரக அறை காலியாக இருக்கலாமா? கூடாது. ஒவ்வொரு அறையும் தனித்தனியாக நிரம்ப வேண்டும். உங்கள் மகன் விஷயத்தில் சீரக அறையில் வெந்தயம் இருக்கிறது. எடை சரி, பொருள் வேறு.

பகுதி நான்கில் ஒரு மூன்று வழிப் பிரிவு உண்டு. பகுதி ஒன்றில் தமிழ் எடுத்தவர்கள், வேறு துறையிலிருந்து இரண்டு தாள் படிக்கலாம். என்.எம்.இ. (நான்-மேஜர் எலெக்டிவ்) என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். பகுதி ஒன்றில் வேறு மொழி எடுத்து, ஆனால் பள்ளியில் 12 வரை தமிழ் படித்தவர்கள், 'சிறப்புத் தமிழ்' இரண்டு தாள் எழுத வேண்டும். வேறு மொழி எடுத்து, பள்ளியிலும் தமிழ் படிக்காதவர்கள், 'அடிப்படைத் தமிழ்' இரண்டு தாள். உங்கள் மகன் மூன்றாவது ரகம். அவன் எழுதியிருப்பது முதல் ரகத்தாருக்கான என்.எம்.இ.

இதில் எனக்கு வரும் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். சேர்க்கையின்போது 12ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் அசலை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதில் தமிழ் இல்லை என்பது பார்த்தவுடன் தெரியும். பகுதி ஒன்றில் இந்தி என்பது அவர்கள் கணினியிலேயே இருக்கிறது. இந்த இரண்டும் தெரிந்த பிறகும் என்.எம்.இ. குறியீட்டைப் பதிவு செய்ய விட்டு, ஹால் டிக்கெட் கொடுத்து, விடைத்தாள் திருத்தி, கட்டணமும் வாங்கிக்கொண்டு, ஆறாவது செமஸ்டர் முடிந்ததும் "தம்பி, நீ எழுத வேண்டியது இது இல்லையே" என்றால்? ஐந்தாவது செமஸ்டரில் ஒவ்வொரு மாணவனின் ஐந்து அறையையும் ஒரு முறை திறந்து பார்த்தால் போதும். அரை நாள் வேலை. நான் இருந்த இடத்திலும் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சதவீதத்தில் சேராத தாள் பட்டத்தை நிறுத்தலாமா? நிறுத்தலாம், நிறுத்தவும் செய்வார்கள். முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்று தீர்மானிப்பது ஒரு கணக்கு. பட்டத்துக்குத் தகுதியா என்று பார்ப்பது இன்னொரு கணக்கு. முதல் கணக்கில் பகுதி நான்குக்கு வேலை இல்லை. இரண்டாவதில் எல்லாப் பகுதிக்கும் ஒரே மரியாதை. இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அடிப்படைத் தமிழில் மகன் 45 வாங்கினாலும் அவனுடைய 71 அப்படியே இருக்கும், முதல் வகுப்பும் போகாது.

விலக்கு? கிடையாது. 2020இல் எல்லோரையும் பாஸ் போட்டார்களே என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். அது கொரோனா காலத்தில் தேர்வுக் கட்டணம் கட்டியவர்களுக்கு அரசு அறிவித்தது. அதுவே நீதிமன்றம் வரை போய் இழுபட்டது. அதை உதாரணமாக வைத்து எந்த அலுவலகத்திலும் மனு கொடுக்காதீர்கள். 'இந்தத் தாளால் என்ன பயன்' என்ற வாதமும் எடுபடாது. சுற்றுச்சூழல் கல்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பாடமாக வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1991இலேயே உத்தரவிட்டது. பிறகும் நீதிமன்றம் விடாமல் வற்புறுத்தியதால்தான் எல்லாப் பட்டப்படிப்பிலும் வந்தது. அதைத் தள்ளிவிடக் கல்லூரி முதல்வருக்கும் அதிகாரம் இல்லை, துணைவேந்தருக்கும் இல்லை. அடிப்படைத் தமிழ் பல்கலைக்கழக விதியில் இருக்கிறது. தனி ஒருவனுக்காக அதைத் தளர்த்தினால் அடுத்த வாரம் நூறு மனு வரும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். உங்கள் மகனுக்கு இது பொருந்தாது. ஆனால் உங்களைப் போல எழுதும் பெற்றோரில் பாதிப் பேர் இந்த ரகம். பிள்ளை பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்திருப்பான். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த பெரும்பாலானவர்கள் பத்து வரை தமிழ் படித்தவர்கள்தான். பிளஸ் ஒன்னில் மதிப்பெண்ணுக்காக பிரெஞ்சுக்கோ சமஸ்கிருதத்துக்கோ மாறியிருப்பான். கல்லூரியிலும் அதையே எடுத்திருப்பான். இப்போது இவன் அடிப்படையா, சிறப்பா? பத்து வருடம் தமிழ் படித்தவனுக்கு அ, ஆ சொல்லித் தருவது அபத்தம் என்று தோன்றும். ஆனால் விதியில் '12 வரை படிக்காதவர்' என்று எழுதியிருந்தால், எழுத்துக்கு எழுத்து பார்க்கும்போது இவனும் அடிப்படைத் தமிழ்தான். ஒரு கல்லூரியில் பத்து வரை படித்திருந்தாலே சிறப்புத் தமிழ் என்பார்கள். பக்கத்துக் கல்லூரியில் எதிர்மாறாகச் சொல்வார்கள். எது சரி என்பது நீங்கள் சேர்ந்த வருடத்து ஒழுங்குவிதிப் புத்தகத்தில் அந்த வாக்கியம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வகுப்பு ஆசிரியர் வாயால் சொல்வது கணக்கில்லை, சீனியர் சொல்வது சுத்தமாகக் கணக்கில்லை. இந்த ரகப் பிள்ளைகள் முதல் வருடமே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைக்கட்டும். எங்கள் ஆபீசில் ஒரு பெண் அப்படி ஒரு சின்னக் காகிதத்தைக் காட்டித் தப்பித்தாள். கையெழுத்துப் போட்டவர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார், ஆனாலும் முத்திரை முத்திரைதானே.

உங்கள் மகன் இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டாம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வு நடத்துவதும் மதிப்பெண் போடுவதும் கல்லூரிதான். பட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுத்தாலும், தகுதியானவர்கள் பட்டியல் கல்லூரியிலிருந்துதான் போக வேண்டும். முதல்வர் வழியாகக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்கு ஒரு பக்க மனு போதும். மூன்று விஷயம் இருக்கட்டும்: 12 வரை தமிழ் படிக்கவில்லை என்பதற்கு மதிப்பெண் பட்டியலின் நகல், கல்லூரியே என்.எம்.இ.க்குப் பதிவு செய்து ஹால் டிக்கெட் கொடுத்தது என்ற விவரம், வரும் நவம்பர் தேர்வில் இரண்டு அடிப்படைத் தமிழ்த் தாளையும் ஒன்றாக எழுத அனுமதி. தேர்ச்சி பெற்ற என்.எம்.இ. தாள்களைக் கூடுதல் கிரெடிட்டாகக் காட்டச் சொல்லியும் கேட்கலாம். கிடைத்தால் லாபம். மனுவில் யாரையும் திட்ட வேண்டாம். திட்டுவதை நான் மேலே செய்துவிட்டேன். மனுவின் நகலில் தேதியோடு தபால் பிரிவு முத்திரை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.

பாடக் குறியீட்டில் கவனம் வேண்டும். மகன் 2022இல் சேர்ந்தவன். 2023-24இல் பல இடங்களில் பாடத்திட்டம் மாறியது. அவனுக்கு அடுத்த செட் எழுதும் அடிப்படைத் தமிழுக்கு வேறு குறியீடு, வேறு பாடப்பகுதி இருக்கக்கூடும். ஆன்லைனில் கட்டணம் கட்டும்போது பெயர் ஒன்றுதானே என்று புதுக் குறியீட்டைத் தட்டிவிட்டால், எழுதித் தேறினாலும் அறை மறுபடி காலிதான். பழைய குறியீட்டில் தேர்வு இல்லையென்றால் எந்தத் தாள் அதற்குச் சமம் என்று எழுத்தில் கேளுங்கள். கட்டணத்தை மகன் தன் கையாலேயே கட்டட்டும். பிரௌசிங் சென்டர் பையனிடம் விட்டால் கடைசி நாள் மாலை அவசரத்தில் அவன் எதைத் தட்டுவான் என்று தெரியாது. கடைசித் தேர்வில் ஒரு தாள் மட்டும் போனவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் உடனடித் தேர்வு வைக்கின்றன. மகனுக்கு இரண்டு தாள் என்பதால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது அந்தத் 'தெரிந்தவர்'. இவரைப் பார்க்காமலே வர்ணிக்கிறேன், சரியா பாருங்கள். யுனிவர்சிட்டி வாசல் டீக்கடையில் சந்திப்பார். உள்ளே செக்‌ஷன் ஆபீசர் தன் சொந்தக்காரர் என்பார். பாதிப் பணம் முன்னால், அதுவும் வேறொருவர் ஜி-பே எண்ணுக்கு. ரசீது கேட்டால் சிரிப்பார். இவரால் செய்யக்கூடியது இரண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு நாலு மாதம் இழுத்தடிப்பது ஒன்று. நவம்பர் தேர்வுக்குக் கட்டணம் கட்டும் தேதி அதற்குள் போய்விடும். இரண்டாவது, எங்கேயோ அச்சடித்த ஒரு மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவந்து கொடுப்பது. முதலாவதில் பணம்தான் நஷ்டம். இரண்டாவதில் மகன் மேல் வழக்கு வரும். வேலைக்குச் சேர்ந்த பிறகு உண்மைத்தன்மை கேட்டு அலுவலகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போகும். என் மேசைக்கு அப்படி வந்த கடிதங்களில், பதிவேட்டில் பெயரே இல்லாதவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பதிலைத் தட்டச்சு செய்யும்போது எனக்கே கை நடுங்கும். எட்டு வருட சர்வீஸ் போட்டவர்கள் எல்லாம் உண்டு. இப்போது டிஜிலாக்கர் வேறு வந்துவிட்டது. காகிதத்தில் ஒன்றும் கணினியில் ஒன்றும் இருந்தால் முதல் நாளே தெரிந்துவிடும். இதே ஆட்கள் 'ஒரே வருடத்தில் டிகிரி' என்று போஸ்டர் ஒட்டுவார்கள். மகன் விரக்தியில் அந்தப் பக்கம் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்.பி.ஏ.வைப் பொறுத்தவரை, ஆறு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் படிப்பை முடித்ததற்கான சான்றும் கல்லூரியில் வாங்கிக்கொள்ளுங்கள். சேரப்போகும் இடத்தில் உண்மையைச் சொல்லி, தற்காலிகச் சேர்க்கை தருவார்களா, பட்டச் சான்று எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று கேளுங்கள். நவம்பர் தேர்வு முடிவு வரும் நாளுக்கு முன்னால் அந்தத் தேதி விழுந்தால், முழுக் கட்டணத்தையும் கட்டிவிடாதீர்கள். ஒரு வருடம் தள்ளிப் போடுவது மேல். டி.என்.பி.எஸ்.சி. யோசனை இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அறிவிக்கை வெளியாகும் தேதிக்குள் பட்டத் தேர்வு முடிவு வந்திருக்க வேண்டும். நவம்பர் தேர்வு முடிவுக்கு முன்னால் வரும், பட்டம் கேட்கும் அறிவிக்கைகளுக்கு விண்ணப்பித்துப் பயனில்லை.

கடைசியாக, வீட்டில் தமிழ்தான் பேசுகிறீர்கள் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அடிப்படைத் தமிழ் ஆறாம் வகுப்பு அளவுதான்: எழுத்து, சொல், சின்ன வாக்கியம், சில குறள், ஒரு கடிதம். ஆனால் பேச வருபவன் எழுதிவிடுவான் என்று நினைக்க வேண்டாம். இந்தத் தாளில் தோற்றவர்களில் நன்றாகத் தமிழ் பேசும் பிள்ளைகள் நிறைய. புத்தகமே வாங்காமல் வந்து 'பள்ளி'யைப் 'பல்லி' என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆகஸ்டிலிருந்து தினமும் அரை மணி நேரம் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதட்டும். ஒற்றுப்பிழையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ல, ள, ழ மூன்றையும் பிரித்துவிடுங்கள்.