அனுப்பி வையுங்கள் ஐயா

கேள்வி: என் மகள் எம்.ஏ. தத்துவம் முடித்திருக்கிறாள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமயவியல் துறையில் பிஎச்.டி. சேர இடம் கிடைத்திருக்கிறது. மதம், மருத்துவ அறம், மரணம் மூன்றும் சேர்ந்த ஆராய்ச்சியாம். கல்யாணம் பேசும் வயதில் ஒரு பெண் எந்நேரமும் சாவைப் பற்றிப் படிப்பதும் பேசுவதும் வீட்டுக்கு அபசகுனம் இல்லையா? இந்தப் படிப்புக்கு வேலைதான் கிடைக்குமா?
— ஒரு தந்தை, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: வேலைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த அபசகுனத்தைப் பேசித் தீர்த்துவிடுவோம்.

உங்கள் வீட்டுக்கு எல்.ஐ.சி. ஏஜெண்ட் வந்திருப்பார். சேலத்தில் அவர் கால் படாத வீடு கிடையாது. நல்ல நாள் பார்த்துத்தான் வருவார். வெள்ளிக்கிழமை காலை, நெற்றியில் விபூதி, கையில் பழப் பை. சோபாவில் உட்கார்ந்து, உங்கள் மனைவி கொண்டுவந்த காபியில் ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணா, நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா அண்ணி என்ன பண்ணுவாங்க?" என்று கேட்பார். அண்ணி அங்கேயேதான் நிற்பார். நீங்கள் கோபப்பட மாட்டீர்கள். "எவ்வளவு வரும்?" என்பீர்கள். அவர் கால்குலேட்டரை எடுத்து, நோயில் போனால் இவ்வளவு, விபத்தில் போனால் அதற்கு இரண்டு மடங்கு என்று தட்டிக் காட்டுவார். விபத்துத் தொகையை நீங்கள் இன்னொரு முறை எட்டிப் பார்ப்பீர்கள். அண்ணி, "தம்பிக்கு இன்னொரு காபி?" என்பார். கையெழுத்துப் போடும்போது உங்களைக் கிழக்கே பார்த்து உட்காரச் சொல்வார். கிளம்பும்போது ஒரு காலண்டர் தருவார். அதை நீங்கள் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டுவீர்கள்.

அவரை இந்த ஊரில் யாரும் அபசகுனம் என்று சொன்னதில்லை. சொல்லவும் கூடாது, அவர் குடும்பங்களைக் காப்பாற்றுகிறவர். ஆனால் சாவைப் பற்றி அவர் உங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசலாம் என்றால், நீங்கள் பெற்று வளர்த்த பெண் ஏன் பேசக் கூடாது? அவரிடம் கேட்டது போலவே அவளிடமும் விவரம் கேளுங்கள்.

பேசாமல் இருந்து நாம் என்ன கண்டோம்? 2020 அக்டோபரில் நம் சேலத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு முதியவரை, உயிர் போவதற்கு முன்பே, வாடகைக்கு எடுத்த ஃப்ரீசர் பாக்ஸில் படுக்க வைத்துவிட்டார்கள். இரவெல்லாம் உள்ளே கிடந்தார். மறுநாள் பெட்டியைத் திருப்பி எடுக்க வந்த ஆள் உள்ளே அசைவைப் பார்த்துச் சத்தம் போட்டார். மருத்துவமனையில் சேர்த்தார்கள், சில நாளில் இறந்துபோனார். போலீஸ் வழக்குப் போட்டது, தொலைக்காட்சியில் ஓடியது, நாடே பார்த்து அதிர்ந்தது. அந்த வீட்டாரைத் திட்டியவர்கள் ஏராளம். வீட்டில் ஒருவரின் உயிர் பிரிகிறதென்றால் பக்கத்தில் யார் இருக்க வேண்டும், மூச்சு எப்படி மாறும், எப்போது டாக்டரைக் கூப்பிடுவது, இதையெல்லாம் நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பெட்டிக்காரர் நம்பர் எல்லார் போனிலும் இருக்கிறது. மேளக்காரர் நம்பர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிறவர் நம்பர் எல்லாம் இருக்கிறது. சாவுக்குப் பிந்தைய பதினாறு நாளுக்கும் நம்மிடம் முறை உண்டு, முந்தைய பதினாறு நாளுக்கு ஒன்றுமே இல்லை.

என் பெரியம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய் வந்தது. அவரிடம் அல்சர் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டரும் வீட்டாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் அவர் பெயரில் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருந்தது, அதை இரண்டு மகள்களுக்கும் பிரித்து எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சேர்வராயன் கோயிலுக்கு ஒரு வேண்டுதலும் பாக்கி. "உடம்பு தேறட்டும், பார்த்துக்கலாம்" என்றே எல்லாரும் பதில் சொன்னார்கள். அவர் உடம்பைப் பற்றிய உண்மை தெருவுக்கே தெரிந்திருந்தது, அவருக்கு மட்டும் தெரியாது. அந்தத் தோட்டத்துக்காக மகள்கள் பிறகு கோர்ட்டுக்குப் போனார்கள்.

நோயாளியிடம் மறைக்காதீர்கள் என்று இதே பக்கத்தில் முன்பு எழுதியபோது ஒரு மருத்துவர் கோபமாகக் கடிதம் போட்டார். உண்மையைச் சொன்னால் நோயாளி பயத்திலேயே போய்விடுவார், இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் என்று எழுதியிருந்தார். அன்று அவருக்குச் சொன்னதையே இன்றும் சொல்கிறேன். சாவது என்று முடிவெடுத்து, உண்ணாமல் வடக்கே பார்த்து உட்கார்ந்த அரசன் கோப்பெருஞ்சோழன் எந்த ஊர்க்காரன் ஐயா? அவனைப் போலவே உட்கார்ந்து உயிர் விட வந்த நண்பர், புலவர் பிசிராந்தையார் எந்த ஊர்? செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்ட இடம் என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாளை எண்ணிக் கல்லில் பொறித்தவர்கள் நாம். 1965 வரை சேலம் மாவட்டமாக இருந்த தர்மபுரிப் பக்கம் போய்ப் பாருங்கள். மாடு மீட்கப் போய் மாண்டவன், புலியோடு சண்டை போட்டு மாண்டவன் என்று காட்டிலும் மேட்டிலும் நடுகற்கள். பல இடங்களில் அவற்றுக்கு இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். ஒரு நடுகல்லின் முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்து, சாவைப் பேசுவது அபசகுனம் என்று சொல்லுங்கள் பார்ப்போம். (நடுகற்களைப் பெயர்த்துத் துணி துவைக்கப் போட்டிருப்பவர்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் தனி, அதற்கு ஒரு முழுப் பக்கம் வேண்டும்.)

இந்தச் சமணர் விஷயம் உங்கள் மகளின் ஆராய்ச்சிக்குள் நேராக வருவதுதான். உண்ணா நோன்பிருந்து உயிர் விடும் சந்தாரா தற்கொலைக்குச் சமம் என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஒருவர் சோற்றை விலக்குவது விரதமா, தற்கொலையா, நோயின் கடைசிக் கட்டத்தில் உடம்பே உணவை மறுப்பதா? வக்கீல் ஒன்று சொல்வார், டாக்டர் ஒன்று சொல்வார், முனிவர் ஒன்று சொல்வார். மூவர் பேச்சையும் புரிந்துகொள்ளப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்று ஒரு கொடுமை நடந்ததே, வயதானவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து முடித்துவிடுவது, அதைச் சம்பிரதாயம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். சந்தாராவுக்கும் இதற்கும் நடுவே கோடு எங்கே என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. கிழவர் விரும்பினாரா, அவரைக் கேட்டார்களா என்ற இடத்தில் கோடு தொடங்குகிறது என்று நினைக்கிறேன். உங்கள் மகள் இன்னும் தெளிவாகச் சொல்லக்கூடும்.

மேல்நாட்டிலும் இந்தப் படிப்பை டாக்டர்கள் மட்டும் தொடங்கவில்லை. 1965-இல் சிகாகோவில் இறையியல் மாணவர்கள் நான்கு பேர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவரிடம் போய், சாவைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டும், உதவுங்கள் என்று கேட்டார்கள். அவர் சாகக் கிடப்பவர்களிடமே போய்க் கேட்போம் என்றார். மருத்துவமனையில் எங்கள் வார்டில் அப்படி யாருமில்லை என்றுதான் டாக்டர்கள் முதலில் சொன்னார்களாம். கடைசியில் நோயாளிகள் பேசினார்கள், 1969-இல் அது புத்தகமாக வந்து உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதற்கும் பிறகு டாக்டருக்குப் படித்து 1967-இல் சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லமான புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். உடம்பு வலி, மனசு வலி, குடும்பக் கவலை, ஆன்மாவின் தவிப்பு எல்லாம் சேர்ந்த ஒரே வலியாகத்தான் நோயாளி அனுபவிக்கிறார் என்று சொன்னவர் அவர். சரி, நியூ ஜெர்சியில் கேரன் குவின்லன்? 1975-இல் நினைவிழந்த அந்தப் பெண்ணின் பெற்றோர் கத்தோலிக்கர்கள், மகளின் செயற்கைச் சுவாசத்தை நிறுத்தலாமா என்று தங்கள் பாதிரியாரிடம் கேட்டார்கள். அசாதாரணமான சிகிச்சைகளைத் தொடர்ந்தே ஆக வேண்டும் என்ற கடமை இல்லை என்று போப் 12-ம் பயஸ் 1957-லேயே மயக்கவியல் மருத்துவர்களிடம் பேசியிருந்தார். 1976-இல் நீதிமன்றம் அனுமதித்தது. கருவியை எடுத்த பிறகும் அந்தப் பெண் தானே மூச்சு விட்டு 1985 வரை இருந்தார்.

நம் நாட்டிலோ, தாக்கப்பட்டு நினைவிழந்த நர்ஸ் அருணா ஷான்பாக், தான் வேலை பார்த்த மும்பை மருத்துவமனையிலேயே 1973 முதல் 2015 வரை கட்டிலில் கிடந்தார். அவரைப் போகவிடுங்கள் என்று ஒரு பத்திரிகையாளர் உச்ச நீதிமன்றம் போனார். கூடாது, அவர் எங்கள் பிள்ளை என்று அந்த மருத்துவமனை நர்ஸ்கள் நின்றார்கள். இரண்டு பக்கமும் அன்புதான். 2011-இல் அந்த மனு தள்ளுபடியானாலும் அதிலிருந்து தொடங்கிய வழி 2018 மார்ச் 9 தீர்ப்பில் வந்து நின்றது. இனிப் பிழைக்க வழியில்லை என்ற நிலையில் எனக்கு வெண்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமை நம் எல்லாருக்கும் உண்டு. முதலில் மாஜிஸ்டிரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததை 2023 ஜனவரியில் மாற்றினார்கள். இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் எத்தனை நோட்டரி போர்டு தொங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். நிலத்துக்கு உயில் எழுதுகிற நாம் நம் மூச்சுக்கு ஒரு வரி எழுதி வைப்பதில்லை. அதனால் ஐ.சி.யூ. வாசலில் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். நிறுத்தச் சொல்கிற பிள்ளை பாவி, தொடரச் சொல்கிற பிள்ளை கடனாளி.

இனி வேலை. இந்தியப் பல்கலைக்கழகங்களில் சமயவியலுக்குத் தனித் துறை குறைவு. அமெரிக்காவிலும் கலைப் பாடங்களில் நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் சுருங்கி வருகின்றன. எளிதாகக் கிடைத்துவிடும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே பெரிய மருத்துவமனைகளில் அற ஆலோசகர் என்றே பதவி இருக்கிறது. இங்கே 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் அறமும் நோயாளியிடம் பேசும் முறையும் கட்டாயம், அதை நடத்தத் தெரிந்த ஆசிரியர்கள் வேண்டும். மருந்து ஆராய்ச்சிகளை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுக்களில் சமூக அறிவியலாளர், தத்துவவாதி, அறவியலாளர், இறையியலாளர் இவர்களில் ஒருவர் இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. அது சம்பள வேலை இல்லை, ஆனால் அந்த நாற்காலியில் உட்காரத் தகுதியான ஆள் தேவை. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை தருகிறார்கள். ஏற்காட்டு மலைக் கிராமத்தில் ஒரு நர்ஸ் பை மாட்டிக்கொண்டு ஏறிப் போகிறார் என்றால், அந்தக் குடும்பத்திடம் என்ன பேச வேண்டும் என்று அவருக்குப் பயிற்சி கொடுக்க இந்தப் பெண்ணைப் போன்றவர்கள்தான் வர வேண்டும்.

மகளிடம் ஒரே ஒரு விஷயத்தைக் கறாராக விசாரியுங்கள். கிடைத்த இடம் கட்டணம் தள்ளுபடியாகி மாத உதவித்தொகையோடு வந்ததா, எத்தனை ஆண்டுக்கு உத்தரவாதம் என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். உதவித்தொகை இல்லாமல் கடன் வாங்கிப் போகிற பிஎச்.டி. என்றால் இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் வேறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கட்டும். உதவித்தொகை இருக்கிறது என்றால் விசாவுக்கு நாள் வாங்குங்கள்.