வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

குடும்பத்துக்கு ஏற்ற பெரிய செடான் காரைப் புதிதாக வாங்குவதா, பழையதாக வாங்குவதா என்பது பற்றி வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஒன்றையொன்று ஒத்த கேள்விகளைச் சேர்த்து ஆறாகச் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் தாயார், நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என ஐந்து பேர். பெரிய செடான் என்று எதைச் சொல்கிறார்கள்? எந்த அளவைப் பார்த்து முடிவெடுப்பது?

பதில்: உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே வரையறை கிடையாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஆட்கள் அமரும் இடத்தையும் டிக்கியையும் கூட்டினால் 120 கன அடி, அதாவது ஏறத்தாழ 3,400 லிட்டர், அல்லது அதற்கு மேல் வரும் செடானைப் பெரிய கார் என்றும், 110 கன அடிக்கு மேல் 120 கன அடிக்குள் வருவதை நடுத்தரக் கார் என்றும் பிரிக்கிறது. வெளியே பார்த்தால் நீளம் பெரும்பாலும் ஐந்து மீட்டரை ஒட்டி இருக்கும். ஆனால் நீளமான கார் எல்லாம் உள்ளே விசாலமாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். நீண்ட முன்மூடிக்கும் சரிந்த கூரைக்கும் இடத்தைக் கொடுத்துவிட்டுப் பின் இருக்கையைக் குறுக்கிவிட்ட பெரிய கார்களும் உண்டு.

ஆகவே விவரக் கையேட்டை மூடிவைத்துவிட்டு, காரைப் பார்க்கப் போகும்போது தாயாரையும் அழைத்துச் செல்லுங்கள். முதலில் ஓட்டுநர் இருக்கையை உங்கள் வசதிக்கு நகர்த்திக்கொண்டு, பிறகு அதே இருக்கைக்குப் பின்னால் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். முழங்காலுக்கு முன்னால் நான்கு விரல் இடைவெளி இருக்கிறதா, பாதம் முன் இருக்கைக்கு அடியில் நுழைகிறதா, தொடை முழுவதும் இருக்கையில் படிகிறதா அல்லது முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று கவனியுங்கள். அதன்பின் தாயாரை ஏறி இறங்கச் சொல்லிவிட்டு, உதவிக்குக் கை நீட்டாமல் சற்றுத் தள்ளி நில்லுங்கள். தலையைக் குனியும்போது கூரை விளிம்பு இடிக்கிறதா, இறங்குகையில் எதைப் பிடித்துக்கொள்கிறார், ஒரே முயற்சியில் எழுகிறாரா அல்லது இரண்டு முறை உந்துகிறாரா என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் அச்சாகாத அளவுகள்.

நடு இருக்கையில் ஐந்தாவது ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பதால் அதைத் தனியாகச் சோதியுங்கள். பின்சக்கர இழுவை, நான்கு சக்கர இழுவை கொண்ட கார்களில் தரையின் நடுவே திமில் போல ஓர் உயரம் ஓடும். அதன் இருபுறமும் காலைப் பரப்பிக்கொண்டு நெடுந்தூரம் போவது பெரியவர்களால் ஆகாது. நடுவில் சாய்மானமாக இருப்பதும் பல கார்களில் மடித்துவைத்த கைப்பிடிதான் என்பதால் முதுகுக்கு உறுத்தும். அந்த இடத்தில் இடுப்பை மட்டும் கட்டும் பட்டை இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்றுமுனைப் பட்டையே வேண்டும். குழந்தை இருக்கை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் இரண்டு ஓரங்களில் மட்டுமே இருக்கும். ஓரங்களில் இரண்டு குழந்தை இருக்கைகளைப் பொருத்தியபின் நடுவில் ஒருவர் உட்கார முடிகிறதா என்பதை அவற்றைக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

டிக்கியைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. ஐந்நூறு லிட்டருக்கு மேல் என்று எழுதியிருந்ததை நம்பி ஒரு கார் வாங்கினேன். மடக்கிய சக்கர நாற்காலி உள்ளே வைத்தால் தாராளமாகக் கொள்ளும். ஆனால் டிக்கியின் வாய் அதைவிட நான்கு விரல் குறுகல். மூடியைத் தாங்கும் வளைந்த கம்பிகள் வேறு, மூடும்போது உள்ளே இறங்கிப் பெட்டிகளை நசுக்கின. லிட்டர் கணக்கு கொள்ளளவைத்தான் சொல்லும், வாயின் அகலத்தைச் சொல்லாது. வீட்டில் உள்ள மிகப் பெரிய பெட்டியைக் கையோடு கொண்டுபோவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: புதிய நடுத்தரக் காரின் விலைக்கு மூன்று நான்கு ஆண்டு ஓடிய பெரிய செடான் கிடைக்கிறது. எதை வாங்குவது அறிவுடைமை?

பதில்: கார்களில் மதிப்பு வேகமாக இறங்குவது முதல் சில ஆண்டுகளில்தான். பெரிய செடான்களில் அந்த இறக்கம் பொதுவாக இன்னும் செங்குத்தானது, ஏனெனில் அவற்றைப் பழையதாக வாங்குவோர் குறைவு. குடும்பங்கள் எஸ்யூவி பக்கம் சாய்ந்தபின் மேலும் குறைந்துவிட்டார்கள். பெரிய செடான்களுக்குப் பேர்போன வட அமெரிக்கச் சந்தையிலேயே ஃபோர்டு டாரஸ் 2019-லும் செவ்ரோலே இம்பாலா 2020-லும் நின்றுபோயின. டொயோட்டா அவலான் 2022 மாடலோடு விடைபெற்றது. முதல் உரிமையாளருக்கு நட்டமாகும் இந்தப் போக்கு இரண்டாமவருக்கு லாபம். எனவே சர்வீஸ் வரலாறு தெளிவாக உள்ள, மூன்று முதல் ஐந்து ஆண்டு வயதுடைய பெரிய செடானுக்கே என் வாக்கு.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. கையில் உள்ள பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடக் கூடாது. டயர், பேட்டரி, பிரேக், ஆயில் வகைகள் ஆகியவற்றுக்காக விலையில் பத்தில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுக்கென்று ஒதுக்கிவையுங்கள் என்பது என் கணக்கு. உற்பத்தி நின்றுபோன மாடல் என்றால், கண்ணாடி, விளக்கு, பம்பர் போன்ற உடல் பாகங்கள் கிடைக்கின்றனவா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் பாகங்கள் பிற மாடல்களோடு பொதுவாக இருக்கலாம்; முகப்பு விளக்கு அப்படி இருக்காது.

பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே காரை வைத்திருப்பவர், கடன் இல்லாமல் வாங்குபவர், பழுதுபார்க்க அலைய நேரமில்லாதவர் ஆகியோருக்குப் புதிய கார் தவறான முடிவு அல்ல. ஆண்டுகள் கூடக் கூட முதலாண்டு நட்டம் பரவலாகிக் கரைந்துவிடும். பாதுகாப்பு நட்சத்திரங்களை ஒப்பிடும்போது மட்டும் ஆண்டைப் பாருங்கள். கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் வழங்கும், 1997-இல் தொடங்கப்பட்ட யூரோ என்கேப் அமைப்பு தன் சோதனை முறைகளை அவ்வப்போது கடுமையாக்கி வருவதால், பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

கேள்வி: பழைய காரை நானே எப்படிச் சோதிப்பது? மெக்கானிக்கை அழைத்துப் போகும் முன் வடிகட்டிக்கொள்ள விரும்புகிறேன்.

பதில்: நல்ல யோசனை. விற்பவரிடம், நான் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனவுடன் முன்மூடியில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் மட்டும் வெளிப்படும் ஏதோ ஒன்றை மறைக்கிறார் என்று சந்தேகிக்க இடமுண்டு. ஸ்டார்ட் செய்ததும் வரும் புகை நீலமாக இருந்தால் ஆயில் எரிகிறது; வெண்புகை நிற்காமல் வந்து இனிப்பான வாடை அடித்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உள்ளே கசிகிறது. ஆயில் மூடியின் உட்புறத்தில் பாலேடு போன்ற வெளிர்ந்த பிசுக்கு இருந்தாலும் கவனம் தேவை. குளிரில் சிறு தூரம் மட்டுமே ஓடும் காரிலும் அது சிறிதளவு படியும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது என்பது எல்லோருக்கும் தெரியும். எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம், ஏனெனில் விளக்கை யாரோ துண்டித்திருக்கிறார்கள்.

டயரின் பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மீட்டர் குறைவாகக் காட்டும் இளம் காரில் நான்கு டயரும் புதிதாக இருந்தால், பழையவை எங்கே என்று கேளுங்கள். பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங் பளபளத்து, ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரம் நைந்திருக்க, ஓடோமீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் அது பொய் சொல்கிறது.

விபத்தைக் கண்டுபிடிக்கப் பெயின்டைவிட போல்ட்டுகளே உதவும். முன்மூடிக் கீல்களில் உள்ள போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் பெயர்ந்திருந்தால் அவற்றை யாரோ கழற்றியிருக்கிறார்கள். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அடியில் உள்ள தகட்டைத் தடவிப் பாருங்கள். அலையலையாக இருந்தால் பின்னால் அடிபட்ட கார். சீட் பெல்ட்டை இறுதிவரை இழுத்துப் பார்ப்பது பலருக்குத் தோன்றாது. வெள்ளத்தில் மூழ்கிய காரை எவ்வளவு கழுவினாலும், சுருளுக்குள் இருக்கும் அந்தப் பட்டையில் சேற்றின் கோடு தங்கிவிடும்.

ஆட்டோமேட்டிக் கியர் என்றால், பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாறி மாறிப் போடுங்கள். உடனே மென்மையாகப் பிடிக்க வேண்டும். தாமதமாகி ‘டொக்’ என்று உதைத்தால் பேரத்தைத் தொடர வேண்டாம்.

இவற்றில் தேறினால் மெக்கானிக்கை அழையுங்கள். அவர் ஸ்கேனரை மாட்டும்போது, பிழைக் குறியீடுகள் இருக்கின்றனவா என்பதோடு, காரின் கணினி தானே செய்துகொள்ளும் உட்சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றில் பலவும் முடியவில்லை என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் யாரோ குறியீடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். பதினேழு எழுத்துகள் கொண்ட வாகன அடையாள எண் கண்ணாடிக்கு அடியிலும் கதவுத் தூணிலும் ஆவணத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டபின், அந்த எண்ணைக் கொண்டு குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதற்கான தயாரிப்பாளரின் திரும்ப அழைப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று விசாரியுங்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் நாள்படச் சிதைந்து, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கும் டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் ஊதிகளுக்காகக் கோடிக்கணக்கான கார்கள் அழைக்கப்பட்டன. மாற்றப்படாதவை இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

கேள்வி: எட்டு ஆண்டு பழைய சொகுசு செடான் ஒன்று, புதிய சிறு காரைவிடக் குறைந்த விலைக்கு வருகிறது. ஆசையாக இருக்கிறது.

பதில்: காரின் விலை இறங்கிவிட்டது, அதன் பாகங்களின் விலை இறங்கவில்லை. வாங்கும்போது சிறு காரின் விலை, பழுதுபார்க்கும்போது முதலில் விற்ற அன்றைய பெரிய காரின் விலை என்பதுதான் கணக்கு. காற்றுப் பைகளே ஸ்பிரிங்காகத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் என்றால், இரவு நிறுத்திய கார் காலையில் ஒரு மூலை தாழ்ந்து நிற்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சொகுசு மாடல்களைத் தனியே பார்க்கும் மெக்கானிக் ஒருவர் உங்களுக்கு நெருங்கிய பழக்கம் என்றால் வாங்கலாம். மற்றவர்கள் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

கேள்வி: பெட்ரோலா, டீசலா, ஹைப்ரிடா?

பதில்: தினமும் ஓட்டும் தூரமே இதை முடிவு செய்யும். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவது போன்ற சிறு ஓட்டங்களுக்கு டீசல் கூடாது. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி, தொடர்ந்து வேகமாக ஓடினால்தான் சூடேறிக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையே கதி என்று இருப்பவருக்கு டீசல் இன்றும் சிக்கனமானது. நின்று நின்று நகரும் போக்குவரத்தில், இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் நன்றாகப் பலன் தரும். பழைய ஹைப்ரிட் பார்க்கும்போது, பல மாடல்களில் பின் இருக்கையின் ஓரத்தில் பேட்டரிக்குக் காற்று போகும் சிறு சல்லடை இருக்கும். அதில் தூசியும் நாய்முடியும் அடைத்திருந்தால் அந்தப் பேட்டரி பல நாள் வெந்திருக்கிறது என்று பொருள்.

கேள்வி: எல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் சர்வீஸ் புத்தகம் தொலைந்துவிட்டது என்கிறார். நம்பலாமா?

பதில்: புத்தகம் தொலையலாம், பணிமனையின் கணினியில் உள்ள பதிவும் ரசீதுகளும் சேர்ந்து தொலைவது அபூர்வம். அவற்றைக் கேளுங்கள். எதுவுமே இல்லையென்றால், அந்தக் காருக்கு எந்தப் பராமரிப்பும் நடக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு, இன்ஜின் ஆயில், கூலன்ட், ஈரத்தை உறிஞ்சுவதால் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பிரேக் திரவம், கியர்பாக்ஸ் ஆயில் ஆகிய அனைத்துக்கும் ஆகும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுவதும் போதும் என்று விற்பவர் சொன்னால், கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அதை மாற்றச் சொல்கிறது என்பதை நினைவூட்டுங்கள். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்; ஓட்டத்தில் அது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இத்தனையையும் கழித்தபின் வரும் தொகைக்கு அவர் சம்மதித்தால் வாங்கலாம். கியர்பாக்ஸ் ஆயில் கருத்துத் தீய்ந்த வாடை வீசினால் மட்டும் எந்தத் தொகைக்கும் வேண்டாம்.