இரும்புச் சூரியன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓய்வுபெற்ற என் அப்பா சில மாதங்களாக யூடியூபில் சூரியனைப் பற்றிய காணொளிகளாகப் பார்க்கிறார். சூரியனுக்குள் இருப்பது ஹைட்ரஜன் அல்ல, இரும்பு. அதன் நடுவில் ஒரு நியூட்ரான் விண்மீன், அதாவது வெடித்த விண்மீனின் சுருங்கிய எச்சம். ஆலிவர் மானுவேல் என்ற அமெரிக்கர் சொன்ன இந்த உண்மையை மறைத்துவிட்டார்கள் என்கிறார். ‘யாராவது உள்ளே போய்ப் பார்த்தார்களா?’ என்று அவர் கேட்டால் எனக்குப் பதில் வரவில்லை. மானுவேல் சொன்னது சரியா? சூரியன் மின்சாரத்தால் எரிகிறது என்கிறார்களே, அது?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

முதலில் அப்பாவுக்கு என் வணக்கம். என் தாய்மாமா ஒருவரும் இப்படித்தான். சூரியன் உள்ளே குளிர்ச்சி, கரும்புள்ளிகள் அந்தக் குளிர்ந்த தரை தெரியும் ஓட்டைகள் என்று திண்ணையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாதாடுவார். நாங்கள் சிரிப்போம். யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் 1795இல் இதையேதான் எழுதினார், அங்கே உயிர்கள் வசிக்கின்றன என்றும் சேர்த்து. அதை நான் படித்தபோது மாமா இல்லை. இருந்திருந்தால் தெருவில் யாரையும் தூங்க விட்டிருக்க மாட்டார்.

ஆனால் ‘மறைத்துவிட்டார்கள்’ என்று இனி எனக்கு எழுதாதீர்கள். மானுவேல் மிசௌரியில் பேராசிரியராக இருந்தவர். விண்கற்களில் உள்ள செனான் வாயுவின் ஐசோடோப்புகளை, அதாவது எடை வேறுபட்ட செனான் அணுக்களை, வைத்து வாதாடினார். கட்டுரைகள் வெளியாகின, கிடைக்கின்றன. எதை மறைத்தார்கள்? அதோடு, இரும்புச் சூரியன் ஒன்றும் புரட்சி அல்ல. சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலையில் இரும்பின் கோடுகள் மண்டிக்கிடப்பதால் நூறு வருடத்துக்கு முன் பெரும்பாலோர் நம்பியதே அதுதான். 1925இல் சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண், ஹைட்ரஜன்தான் மிகுதி என்று தன் ஆய்வேட்டில் கணக்கிட்டார். ஹென்ரி நோரிஸ் ரஸல் என்ற பெரியவர் அது நடக்காது என்றார். தன் முடிவு அநேகமாக உண்மையல்ல என்று அந்தப் பெண்ணே எழுதிவைக்க வேண்டியதாயிற்று. 1929இல் ரஸலும் அதே முடிவுக்கு வந்தார். அமுக்கப்பட்ட உண்மை வேண்டுமென்றால் இதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

மின்சாரச் சூரியனுக்கு நான் நேரம் ஒதுக்குவதாக இல்லை.

சரி, ‘போய்ப் பார்த்தார்களா?’ போகவேண்டியதில்லை. அங்கிருந்துதான் நியூட்ரினோக்கள், அணுக்கருக்கள் இணையும்போது பிறந்து எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்கள், வந்துகொண்டே இருக்கின்றனவே. நடுவில் பிறக்கும் ஒளியின் ஆற்றல் மேலே வந்துசேர பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். நியூட்ரினோவுக்கு இங்கே வர எட்டு நிமிடம் சொச்சம். உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியே நொடிக்கு 6,000 கோடிக்கு மேல் போகின்றன. ரேமண்ட் டேவிஸ் என்ற வேதியியலாளர் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்துக்குள், ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், ஒரு தொட்டி வைத்தார். அதில் சலவைக்கடைகளில் உலர்சலவைக்குப் பயன்படும், குளோரின் உள்ள திரவம், சுமார் 3,80,000 லிட்டர். நியூட்ரினோ மோதி குளோரின் அணு ஆர்கானாக மாறினால், அந்த ஒருசில அணுக்களைத் தேடி எடுத்து எண்ணுவது. பைத்தியக்கார வேலை. 1968இல் முதல் முடிவு: சூரியனுக்குள் ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாகிறது என்று வைத்து ஜான் பாக்கால் என்ற இயற்பியலாளர் கணக்கிட்டதைவிட மிகக் குறைவு. பிறகு வருடக்கணக்காக எண்ணியும் மூன்றில் ஒரு பங்குதான் தேறியது.

அப்போது யாரும் அதை மறைக்கவில்லை, செந்தில். ஆளாளுக்குச் சூரியனுக்குள் எதையாவது வைத்துப் பார்த்தார்கள். 1971இல் ஹாக்கிங், நடுவில் ஒரு குட்டிக் கருந்துளை இருக்கலாம் என்றார். 1985இல் ஸ்பெர்கலும் பிரஸ்ஸும், இன்னும் கண்டறியப்படாத கனத்த துகள்கள் மையத்தைச் சற்றே குளிர்விக்கலாம் என்றார்கள். உங்கள் காணொளியைவிட விபரீதமான யோசனைகள், எல்லாம் ஆய்விதழ்களில்! ஏன் இடம் கிடைத்தது? எந்த எண் ஏன் குறைகிறது என்று அவை பொறுப்பாகச் சொல்ல முயன்றன. மாமாவிடம் அது இல்லை, பாவம். இன்ன எண் வந்தால் தோற்றுவிட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

டேவிஸ் தன் எண்ணை யாருக்காகவும் மாற்றவில்லை. கருவியில் பிழை என்றார்கள். தொட்டிக்குள் தெரிந்த எண்ணிக்கையில் ஆர்கான் அணுக்களைப் போட்டுத் திரும்ப எடுத்துக் காட்டினார். கடைசியில் கனடாவின் சட்பரியில், 1,000 டன் கனநீரை (கனத்த ஹைட்ரஜன் கொண்ட நீர்) வைத்து 2001, 2002இல் கண்டது: நியூட்ரினோக்கள் குறையவில்லை, வரும் வழியில் டேவிஸின் தொட்டியில் சிக்காத வகைகளாக மாறிவிடுகின்றன. மூன்று வகையையும் சேர்த்தால் கணக்கு பொருந்துகிறது. டேவிஸும் சரி, பாக்காலும் சரி. 2002இல் டேவிஸுக்கு நோபல் கிடைத்தபோது வயது 88, மறதிநோய் தொடங்கியிருந்தது.

அந்தக் குறைவான எண்ணிக்கையைத் தன் இரும்புச் சூரியனுக்கு ஆதரவாகக் காட்டியவர் மானுவேல். ஆகவே அப்பாவோடு சண்டை வேண்டாம். சட்பரியின் கணக்கு அந்தக் காணொளியில் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று மட்டும் கேளுங்கள். அவர் கண்டுபிடித்துச் சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.