சந்தனமா, பிஸ்தா பச்சையா?

கேள்வி: காட்பாடியில் புது வீடு. ஹால் 12க்கு 15 அடி, உயரம் 10 அடி. பெரிய ஜன்னல் மேற்கே. தரையில் க்ரீம் டைல்ஸ். கணவர் சந்தன நிறம் கேட்கிறார், எனக்கு வெளிர் பிஸ்தா பச்சை. பச்சை அடித்தால் ஹால் குளிர்ச்சியாக இருக்கும் என்கிறார் பெயிண்டர். எதை வாங்கலாம், எத்தனை லிட்டர்?

பதில்: உங்கள் ஹாலுக்குப் பிஸ்தாதான். மூன்று மணிக்கு மேல் வேலூர் வெயில் மேற்கு ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்து, க்ரீம் டைல்ஸின் சாயலோடு சுவரில் ஏறும். சந்தனத்திலும் மஞ்சள் இருப்பதால், சாயங்காலம் சுவர் மஞ்சள் குழைத்துப் பூசியதுபோல் தெரியும். அந்த வெளிச்சத்தில் பிஸ்தா இளந்தளிர் மாதிரி துலங்கும். அதன் குறை இரவில்தான். மஞ்சள் எல்.இ.டி.யின் கீழ் மங்கி, அழுக்குப் பச்சையாகிவிடும். 4000 கெல்வின் பல்பு, அதாவது மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட வெளிச்சம் தருவது, போடுங்கள்.

குளிர்ச்சி பற்றிப் பெயிண்டர் சொல்வது கண்ணுக்கு மட்டும் உண்மை. சூடு பெரும்பாலும் இறங்குவது மொட்டை மாடித் தளத்திலிருந்தும் மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்திலிருந்தும். குளிர்ச்சி வேண்டுமானால், வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைக் கூல் ரூஃப் பூச்சை மாடிக்கு அடிக்கச் செலவழியுங்கள்.

ஷேடு கார்டை மட்டும் பார்த்து முடிவு செய்யவேண்டாம். தீப்பெட்டி அளவில் வெளிறித் தெரியும் நிறம் நான்கு சுவரிலும் ஏறும்போது, ஒன்றின் சாயல் மற்றதில் பட்டு அடர்ந்துவிடும். பிடித்த நிறத்துக்கு ஒரு படி வெளிறியதையும் சேர்த்து, சிறிய டப்பாவில் கலக்கி வாங்குங்கள். இரண்டடிக்கு இரண்டடி வெள்ளை அட்டைகளில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். ஈரத்தில் பார்த்த நிறம் காய்ந்தபின் மாறும். ஒவ்வொரு நிறத்திலும் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒன்று, ஜன்னல் இருக்கும் சுவரிலேயே ஒன்று என ஒட்டி, காலை பத்து, மாலை நான்கரை, இரவு விளக்கு என மூன்று வேளையும் பாருங்கள். ஜன்னல் பக்கச் சுவர்தான் எப்போதும் இருட்டு. அங்கே பிடித்திருந்தால் வாங்கலாம்.

சுவர் சுற்றளவு 54 அடி, 10 அடி உயரத்துக்கு 540 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்தால் சுமார் 460. பட்டி, பிரைமர் அடித்த சுவரில் லிட்டருக்கு இரண்டு கோட்டாக 60 முதல் 70 சதுர அடி வரும். ஏழு லிட்டர் பிடிக்கும். 4 லிட்டர் டப்பா இரண்டை ஒரே நாளில் கலக்கி வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கிளறிவிட்டு அடியுங்கள். தனித்தனியாக அடித்தால் டப்பா மாறுகிற இடம் சுவரில் கோடாகத் தெரியலாம். மிச்சம் டச்சப்புக்கு. ஷேடு எண், பேஸ் (சாயம் கலக்காத மூலப் பெயிண்ட்) எண் இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். கலக்கிய பெயிண்டைக் கடையில் பொதுவாகத் திருப்பி எடுப்பதில்லை.

புது வீடு என்பதால் ஒன்று முக்கியம். சிமெண்ட் பூச்சு முடிந்து 28 நாளாவது ஆகி, சுவர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். போர்வெல்லின் உப்புத் தண்ணீரில் கட்டியிருந்தால் அடிச்சுவரில் வெள்ளைப் பொடி பூக்கும். கையால் தடவினால் மாவுபோல் ஒட்டும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, பத்து நாள் விட்டுப் பாருங்கள். மறுபடி பூத்தால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது. அதன்மேல் அடித்தால் எந்த நிறமானாலும் கொப்பளித்து உரியும்.